மலையகத்தில் சத்தம் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டு ஒன்றில் ஐஎன்எம்பி441 என்ற சிறு மைக்கைப் பொருத்தி, ஊரில் பத்து இடத்தில் மாட்டிவிட்டால் சத்தத்தை அளந்துவிடலாம் என்ற உற்சாகத்தோடு இளைஞர்கள் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பழைய தவறுகளையே புதுப் பெட்டியில் செய்கிறார்கள். வயர் கழன்றது, பேட்டரி இறங்கியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு வாரத்தில் தானே பிடிபடும்.

தகரத்துக்குக் கீழே மைக்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பெட்டி நனையக் கூடாது, பக்கத்தில் கரண்டும் இருக்க வேண்டும் என்று லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுத் தாழ்வாரத்தில் கூரையை ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். அடை மழையில் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. லயத்தில் வளர்ந்த பிள்ளைகளே இதை மறந்துவிடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு தோட்டத்தில், தேயிலைப் பெக்டரிக்குக் கீழே இருக்கும் லயத்து ஆட்கள் கொழுந்து வாட்டும் விசிறிகளின் இரைச்சலால் தூக்கமில்லை என்று முறையிட்டார்கள். கொழுந்து வாட பல மணி நேரம் பிடிக்கும், மாலையில் போட்ட விசிறி விடியும்வரை ஓடும். இளைஞர் குழு ஒன்று தாழ்வாரங்களில் சென்சர்களை மாட்டி, தென்மேல் பருவமழைக் காலம் முழுக்க எண்களைச் சேர்த்தது. இலங்கையின் 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதியில் இரவு எல்லை 45 டெசிபல். இரவு என்பது மாலை 6 முதல் காலை 6 வரை. இவர்களுடைய வரைபடம் ஏறக்குறைய எல்லா இரவும் அதற்கு மேலேதான் நின்றது. அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள்.

அங்கிருந்தவர் மழைவீழ்ச்சிப் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சத்தம் ஏறிய நேரமெல்லாம் மழை. பெக்டரி மூடியிருந்த இரவுகளிலும் அதே உயரம். அறிக்கை அத்தோடு மூலைக்குப் போனது. விசிறிச் சத்தம் பொய்யில்லை, அந்த லயத்தில் ஓர் இரவு படுத்தால் யாருக்கும் தெரியும். இனி உண்மையான எண்ணைக் கொண்டுபோனாலும், "மழையை அளந்த ஆட்கள்தானே?" என்றுதான் கேட்பார்கள். நஷ்டம் சென்சர் விலையோடு நிற்கவில்லை.

சரி, என்ன செய்வது? கம்பத்தில் மாட்டுங்கள், கூரைக்கும் சுவருக்கும் மூன்றரை மீட்டராவது தள்ளி. சுவர் அருகே இருந்தால் பட்டுத் திரும்பும் ஒலியாலேயே 3 டெசிபல் அளவுக்குக் கூடும். பெட்டியின் மூடியே மழைத்துளிக்கு மேளமாகிவிடும், அதன் மேல் ரப்பர் பாய்த் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு மழைமானி வேண்டும். மழை பெய்த நிமிடங்களை அழிக்காதீர்கள், குறியிட்டு ஒதுக்கி வையுங்கள். மழை விட்ட பிறகும் ஓடை பெருகி இரைந்துகொண்டிருக்கும், அந்த நேரத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். பிறகு காய்ந்த இரவுகளை மட்டும் எடுத்து, விசிறி ஓடியதையும் ஓடாததையும் ஒப்பிடுங்கள். நேரத்தில் 90 சதவீதம் சத்தம் எந்த மட்டத்தைத் தாண்டியே நிற்கிறதோ அதை, அதாவது எல்90ஐ, பாருங்கள். விடாமல் ஓடும் விசிறி அதில் தெளிவாகத் தெரியும், எப்போதாவது போகும் லொறி தெரியாது.

இன்னொன்று. அந்த 45 டெசிபல் எல்லை, சத்தம் எழும் காணியின் எல்லையில் அளப்பதற்கு உரியது. லயத்தில் மட்டும் மாட்டினால் போதாது, பெக்டரி வேலியோரத்திலும் ஒன்று வேண்டும்.

டெசிபலை அப்படியே கூட்டி வகுப்பது

அரை மணி 50, அரை மணி 80 என்றால் சராசரி 65 இல்லை, 77. டெசிபல் மடக்கை (லாக்) அளவு. அதை விரித்து ஆற்றலாக்கி, அப்புறம் சராசரி எடுங்கள்.

ஏ-எடை எண்ணை மட்டும் நம்புவது

ஏ-எடை என்பது மனிதக் காதின் உணர்வுக்கேற்ப ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு. அது 100 ஹெர்ட்ஸ் ஒலியை 19 டெசிபல் குறைத்துவிடும். தூக்கத்தைக் கெடுக்கும் ரீங்காரம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சில்வண்டின் கீச்சொலியையோ அது குறைப்பதில்லை. ஆகவே அலைவரிசைகளைப் பிரித்தும் சேமியுங்கள், இல்லாவிட்டால் விசிறி மறைந்து சில்வண்டு குற்றவாளியாகிவிடும்.

ஒருமுறை ஒப்பிட்டதோடு விட்டுவிடுவது

முறையான ஒலிமானி ஒன்றை இரவல் வாங்கியாவது எல்லாப் பெட்டிகளையும் அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும். நுவரெலியாப் பனிமூட்டத்தில் மைக்கின் துளைக்குள் ஈரம் இறங்கினால் அளவு மெல்ல நழுவும், பெட்டி எதுவும் சொல்லாது. அந்த மைக்கின் சொந்த இரைச்சலே 33 டெசிபல் அளவு. அதற்குக் கீழே அமைதியான பள்ளத்தாக்கை அளக்கிறேன் என்றால், நீங்கள் அளப்பது மைக்கைத்தான்.

நேரம்

சேர்வர் இலங்கை நேரத்தில் ஓடுகிறதா, உலகப் பொது நேரத்திலா? ஐந்தரை மணி நேரம் பிசகினால் முன்னிரவு பகலாகிவிடும்.

பேச்சைப் பதிவது

வேண்டாம். லயத்தில் அனுமதி கேட்டுப் போனால் முதல் கேள்வியே "நாங்க பேசுறது அதுல விழுமா?" என்பதுதான். பெட்டிக்குள்ளேயே கணக்குப் போட்டு நிமிடத்துக்குச் சில எண்களை மட்டும் அனுப்புங்கள். பெட்டிகள் எண்களை அனுப்பும் லோரா என்ற குறைவேக ரேடியோவில் அதற்கு மேல் அனுப்பவும் முடியாது.