கவிதையில நகை வந்தா எப்படிப் படிக்கிறது? ஏறுதா, கழலுதா, யாரு கை?

மீனாட்சி திருக்கல்யாணம் அன்னைக்கு மதுரைக்குள்ள எந்தத் தெருவுல நடந்தாலும் பொம்பளைங்க தாலிக்கயிறு மாத்திக்கிட்டு இருக்கிறதப் பாக்கலாம், அம்மனுக்குத் தாலி ஏறுற அதே நேரத்துல தங்களுக்கும் புதுக்கயிறு போட்டுக்குவாங்க, கோயிலுக்குள்ள இடம் கிடைக்காதவங்க வீட்டு டிவி முன்னாடி உக்காந்தாவது செஞ்சுக்குவாங்க. சின்ன வயசுல இருந்து பாத்தது தான். ஆனா பழைய பாட்டுகளத் திரும்ப எடுத்துப் படிக்க ஆரம்பிச்ச பெறகு தான் இதுல நான் கவனிக்காம விட்டது என்னன்னு புரிஞ்சது. நகைங்கிறது அங்க சும்மா கழுத்துல கெடக்கிற பொருள் இல்ல, ஒருத்தங்க வாழ்க்கை ஒரு படியில இருந்து இன்னொரு படிக்குப் போகும்போது நகையும் கூடவே நகருது. ஏறும், கழலும், கழட்டுவாங்க, உடைப்பாங்க. பாட்டுலயும் அப்படித்தான்.

ஸ்கூல்ல நமக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு டேபிள். சிலம்பு காலில் அணிவது, மேகலை இடையில் அணிவது, தொடி கையில் அணிவதுன்னு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துட்டோம். அத வச்சு ஒரு பாட்டையும் புரிஞ்சுக்க முடியாது. அதனால நான் எப்படிப் படிக்கிறேன்னு இங்க சொல்றேன், நீங்களும் ஒரு பென்சில் எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல நகையோட பேர விட்ருங்க, அதுக்குப் பக்கத்துல இருக்கிற வினைச்சொல்ல வட்டம் போடுங்க. அணி, செறி, நெகிழ், கழல், கழி, களை, தகர். இந்த ஏழு சொல்லு கண்ணுக்குப் பழகிட்டா பாதி வேலை முடிஞ்சது. செறிஞ்சு இருந்தா அவ கூட ஆள் இருக்கான், நெகிழ்ந்தா ஆள் ஊர்ல இல்ல, கழிச்சா கல்யாணம் வருது, களைஞ்சா வீட்டுல சாவு. இத ஒரு சட்டமா எடுத்துக்காதீங்க, ஆரம்பிக்கிறதுக்கு ஒரு பிடி, அவ்வளவு தான்.

சிலம்புல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா அங்க தான் நல்லா புரியும். கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு கால்ல கெடந்த சிலம்ப கழட்டுறதுக்குன்னே ஒரு சடங்கு இருந்துச்சு, சிலம்புகழி நோன்புன்னு பேரு. அத மனசுல வச்சுக்கிட்டு குறுந்தொகை 7வது பாட்ட படிங்க, பெரும்பதுமனார் எழுதுனது. பாலைக் காட்டு வழியில ஒரு பையனும் பொண்ணும் போறாங்க, எதுக்க வர்றவங்க அவங்கள பாக்குறாங்க. ‘வில்லோன் காலன கழலே, தொடியோள் மெல்லடி மேலவும் சிலம்பே’. அவன் கால்ல வீரங்க கட்டுற கழல் இருக்கு, அவ கால்ல சிலம்பு இருக்கு. அவ்வளவு தான் சொல்லுவாங்க, அடுத்த வார்த்தையே யாரோ பாவம்ங்கிற மாதிரி ‘யார்கொல் அளியர் தாமே’. எதுக்கு பாவம்? சிலம்பு இன்னும் கால்ல இருக்கு, அப்போ கழிக்கிற சடங்கு நடக்கல, அப்போ கல்யாணம் ஆகல, வீட்டுக்குத் தெரியாம கெளம்பி வந்துட்டாங்க. ஒருத்தர்கிட்டயும் ஒரு கேள்வி கேக்காம காலப் பாத்தே அந்த வழிப்போக்கருக்குக் கதை முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. சுத்தி வாகை நெத்து காத்துல கலகலன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு, அந்தச் சத்தத்துக்கு நடுவுல அவ சிலம்புச் சத்தமும் கேட்டிருக்கும்னு எனக்குத் தோணும்.

அதே கதையோட மறுபக்கம் ஐங்குறுநூறு 399ல இருக்கு. போன பொண்ண அவன் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டான், அங்க சிலம்பு கழிக்கப் போறாங்கன்னு தாய்க்குத் தெரியவருது. அவ என்ன கேக்குறான்னா, சிலம்பு கழிக்கிறத உங்க வீட்டுல வச்சுக்கிட்டாலும் பரவால்ல, கல்யாணத்தையாவது எங்க வீட்டுல வச்சுக்கலாமேன்னு அந்தப் பையனப் பெத்தவகிட்ட யாராவது சொன்னா என்னங்கிறா. நாலஞ்சு வரி தான். எனக்குப் பொண்ணு பொறந்த பெறகு இதப் படிச்சப்ப அன்னைக்கு வேற எதுவும் படிக்க முடியல. மகளோட கால்ல இருந்து அத கழட்டுற கை தன்னோட கையா இருக்கணும்னு நெனச்சிருப்பா, அதயே விட்டுக்கொடுத்துட்டு மிச்சத்த கேக்குறா.

இங்க தான் ரெண்டாவது விஷயம் வருது. வினைச்சொல்ல கண்டுபிடிச்சீங்கல்ல, இப்ப அத செய்யிறது யாருன்னு பாருங்க. யாரு போட்டு விடுறா, யாரு கழட்டுறா, இல்ல யாரும் தொடாம தானா நடக்குதா. என்னக் கேட்டா நகைப் பாட்டுல பாக்க வேண்டியதுலயே இது தான் பெருசு.

தானா நடக்குறதுக்கு வளை தான் உதாரணம். பிரிவுல உடம்பு மெலிய மெலிய வளை மணிக்கட்டத் தாண்டி எறங்கும், அத அவளால நிறுத்த முடியாது, ஒளிக்கவும் முடியாது. மாமூலனார் ‘கோடீர் இலங்குவளை நெகிழ’ன்னு சொல்றது சங்க அறுத்துச் செஞ்ச வளை. துணி மாதிரி புடிச்சுக்கட்ட முடியாது, உடம்பு எளச்சா எளச்சது தான். குறள்ல 1277வது ஒண்ணு போதும், அவன் பிரிஞ்சிட்டாங்கிறத ‘நம்மினும் முன்னம் உணர்ந்த வளை’. மனசுக்குத் தெரியிறதுக்கு முன்னாடி வளைக்குத் தெரிஞ்சிருச்சாம். அதே அதிகாரத்துல 1279ல அவ ஒரு வார்த்தை பேசாம தொடியப் பாக்குறா, தோளப் பாக்குறா, அடியப் பாக்குறா, அவ்வளவு தான் அவ செஞ்சது. நீ போனா இது கழண்டுரும், இது மெலிஞ்சுரும், அதனால இந்தக் காலு உங்கூட நடந்து வந்துரும். மூணு பார்வையில மூணு வாக்கியம்.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது குறுந்தொகை 50, குன்றியனார் பாட்டு. ஞாழல் பூவும் மருதம் பூவும் கொட்டிக் கெடந்து அவன் ஊர்த் துறை அழகா அணிஞ்சிருக்கு, ‘துறை அணிந்தன்று அவர் ஊரே’. அவன் அணைச்ச தோளு? ‘புலம்பு அணிந்தன்று’. வளை கழண்டு போன எடத்துல தனிமைய நகையா போட்டிருக்கு. மேல சொன்ன பட்டியல்ல ‘அணி’ன்னா சந்தோஷம்னு எழுதி வச்சிருந்தீங்கன்னா இங்க வந்து மாட்டிக்குவீங்க, அதுக்குத் தான் சட்டமா எடுத்துக்காதீங்கன்னு சொன்னேன்.

நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள இதே வரிசையில வச்சுப் படிங்க. திருப்பாவையில நோன்பு முடியிற 27வது பாட்டுல தான் சூடகமே தோள்வளையே தோடே செவிப்பூவே பாடகமேன்னு நகை எல்லாம் ஏறுது, அதுக்கு முன்னாடி ரெண்டாவது பாட்டுலயே மையிட மாட்டோம், பூ முடிய மாட்டோம்னு நிறுத்தி வச்சிருந்தாங்க. நாச்சியார் திருமொழிக்கு வந்தா நேர் எதிர், ‘என்னுடைய கழல்வளையைத் தாமும் கழல்வளையே ஆக்கினரே’. கழல்வளைங்கிறது வெறும் பேரா இருந்துச்சு, என் அரங்கன் அத நெசமாவே கழலுற வளையா ஆக்கிட்டான்ங்கிறா. ஒரே பொண்ணு, ஒரு எடத்துல எல்லாம் போட்டுக்குவோம்ங்கிறா, இன்னொரு எடத்துல ஒண்ணும் நிக்கலங்கிறா. கழண்ட வளைக்கு மதுரையில ஒரு பதிலும் இருக்கு. தாருகாவனத்துல பிச்சைக்கு வந்த சிவனப் பாத்து வளை கழண்டு நின்ன முனிவர் மனைவிங்க, புருஷங்க விட்ட சாபத்தால மதுரை வணிகர் வீட்டுல வந்து பொறக்க, அவரே வளையல்காரரா தெருவுக்கு வந்து அவங்க கையப் புடிச்சு வளை போட்டு விட்டாருன்னு பரஞ்சோதி முனிவர் திருவிளையாடல்ல பாடியிருக்காரு, ஆவணி மூலத் திருவிழாவுல வளையல் விற்ற லீலைன்னு இன்னைக்கும் நடக்குது.

இப்ப உடைக்கிற கை. புறநானூறு 224ல கரிகாலன் செத்த பெறகு கருங்குழல் ஆதனார் பாடுறாரு. கோடை, பஞ்சம், பசிச்ச மாட்டுக்குப் போடுறதுக்காக கோவலர் வாளால வேங்கை மரத்த பூவோட சேத்து வெட்டிப் போட்டா அந்த மரம் எப்படி நிக்கும், அப்படி ‘மெல்லியல் மகளிரும் இழை களைந்தனரே’. வெட்டுன ஆள் உவமையில இருக்கான் பாருங்க. பொம்பளைங்க தானா நகையக் களைஞ்சாங்கன்னு வரி சொல்லுது, ஆனா உவமை மரத்து மேல ஒரு வாள வைக்குது. இந்த ரெண்டையும் சேத்துப் படிச்சா தான் அந்தப் பாட்டு வலிக்கும்.

கண்ணகி வேற. சிலப்பதிகாரத்துல எல்லாரும் சிலம்பையே பாப்பாங்க, பாண்டிமாதேவி சிலம்புல முத்து, கண்ணகி சிலம்புல மாணிக்கம், உடைச்சதும் பரல் ராஜா வாய்கிட்ட தெறிச்சது, சரி தான். நீங்க அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாருங்க. கோவலன் மாதவிகிட்ட போனப்பவே ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’, ‘மங்கல அணியின் பிறிதணி மகிழாள்’னு வந்துருது, தாலி தவிர மத்ததெல்லாம் அப்பவே எறங்கியாச்சு. மதுரை எரிஞ்ச பெறகு ‘கொற்றவை வாயிற் பொற்றொடி தகர்த்து’, வளைய அவளே உடைக்கிறா. ஊர்ல புருஷன் செத்தா மத்த பொம்பளைங்க கூடி உக்கார வச்சு உடைப்பாங்க, இவளுக்கு யாரும் இல்ல, யாரையும் விடவும் இல்ல. கீழ்த்திசை வாசல்ல கணவனோட வந்தேன், மேற்றிசை வாசல்ல தனியா போறேன்னு சொல்லிட்டுப் போறா. அதே வாசல்னு சொல்ல வரல, ஆனா கீழவாசல்ல பஸ் ஏறி மேலவாசல் பக்கம் எறங்குற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வரி வந்து போகும்.

இங்க ஒருத்தர் கேப்பீங்க, சிலம்ப கல்யாணத்துக்கு முன்னாடியே கழிச்சிருவாங்கன்னா கண்ணகி கால்ல எப்படி சிலம்பு இருந்துச்சு? நல்ல கேள்வி. சங்கப் பாட்டுல கழிக்கிறது கன்னிப் பருவத்துச் சிலம்பு, சிலப்பதிகாரத்துல அது கல்யாணமானவளோட அணியும் சொத்தும். காலம் மாறுனா அர்த்தமும் மாறும், ஒரு பாட்டுல கத்துக்கிட்டத இன்னொரு பாட்டு மேல அப்படியே மாட்டாதீங்க. தாலிங்கிற சொல்லே அப்படித்தான், புறநானூறு 77ல தலையாலங்கானத்துல ஜெயிச்ச நம்ம பாண்டியன் நெடுஞ்செழியனப் பத்தி ‘தாலி களைந்தன்றும் இலனே’ன்னு வரும், ஐம்படைத்தாலி, சின்னப் பிள்ளைக்கு காவலுக்குக் கட்டுறது. அதுக்கு முன்னாடியே கிண்கிணிய கழட்டிட்டு அதே கால்ல கழல் கட்டிட்டு போருக்கு வந்துட்டான்னு பாட்டு ஆரம்பிக்கும். ஆம்பளைக்கும் நகை தான் வயசு சொல்லியிருக்கு, வடக்க காளிதாசனோட மேகதூதத்துல கூட பிரிஞ்சு வாடுற யட்சன் கையில இருந்து தான் தங்கக் காப்பு நழுவுது.

மூணாவது, என்ன நகை வரலன்னு பாருங்க. சரோஜினி நாயுடுவோட வளையல்காரர்கள் கவிதைய இங்கிலீஷ்ல பலர் படிச்சிருப்பீங்க, 1912ல வந்த தொகுப்புல இருக்கு. கன்னிப்பொண்ணுக்கு வெள்ளியும் நீலமும், கல்யாணப் பொண்ணுக்கு வெயில் பட்ட கதிர் மாதிரியும் அக்னி நிறத்துலயும், பிள்ளை பெத்து வாழ்க்கையில பாதி தூரம் வந்தவளுக்கு ஊதாவும் பொன்பொடி தெளிச்ச சாம்பலும்னு நிறம் நிறமா விப்பாங்க. அழகான பாட்டு தான். ஆனா பாதி தூரத்தோட நின்னுருது, விதவை அந்தக் கூடைப் பக்கம் வரல, விக்கிறவங்க பாடுற பாட்டுல வாங்காதவ எப்படி வருவா. அதே தொகுப்புல ஒரு புலம்பல் இருக்கு, அதுல வளையல உடைங்க, கல்யாண மணி கோத்த கயித்த அறுங்கன்னு வரும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

வயசானவங்க நகை பாட்டுல கொறைவு. தொடித்தலை விழுத்தண்டினார்னு ஒருத்தர் புறநானூறு 243ல சின்ன வயசுல மணல்ல பாவை செஞ்சு விளையாடுன பொண்ணுங்களோட கைகோத்து ஆடுனத நெனச்சு ஏங்குறாரு, இப்ப தொடித்தலை தண்ட ஊன்றி நடுங்கிக்கிட்டு நிக்கிறேன்ங்கிறாரு. தொடிங்கிற சொல்லு இப்ப ஊன்றுகோல் தலையில பூணா வந்து உக்காந்துருச்சு.

கடைசியா ஒரு பயிற்சி, புத்தகம் வேணாம். வீட்டுல வயசான பொம்பளை யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட போயி, என்னென்ன நகை எப்ப ஏறுச்சு, எப்ப எறங்குச்சுன்னு கேளுங்க, அவங்க சொல்றத அவங்க சொன்ன வினைச்சொல்லோடயே எழுதுங்க, நீங்க திருத்தாதீங்க. எங்க அப்பத்தா திருமங்கலம் பக்கத்து ஊரு, என் வளைகாப்பு அன்னைக்கு எல்லாரும் வேப்பங்காப்பு போட்டு கண்ணாடி வளையல் அடுக்குறப்ப அடுப்படி வாசல்லயே நின்னுக்கிட்டாங்க, வராதன்னு யாரும் சொல்லல, வான்னும் யாரும் கூப்புடல, நானும் தான் கூப்புடல. அது இப்ப வரைக்கும் எனக்கு உறுத்துது. மறு மாசம் நோட்ட எடுத்துக்கிட்டு போயி உக்காந்தேன். காது குத்துனாக, ஓலை சுருட்டி வச்சாக, குணுக்கு போட்டு காது வளத்தாக, தண்டட்டி மாட்டுனாக, தாலி கட்டுனாக, வளவி போட்டாக, வளவிய ஒடச்சாக, தாலிய அறுத்தாக. ஒரு பக்கம் முழுக்க அவுக, அவுக, அவுக.

தண்டட்டி எங்க அப்பத்தான்னு கேட்டேன். “அதா? உங்க அத்தை கல்யாணத்துக்கு பவுன் பத்தல, நாந்தே கழட்டுனேன்”னு சொல்லிட்டு, அந்த நீள வெறுங்காத ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டாங்க.