காட்டுயிர் ஆப்களில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லுயிர் பற்றிக் கற்க, படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட், பார்த்த பறவைகளைப் பட்டியலிட ஈபேர்ட், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் காட்டும் மெர்லின், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல், பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்கு வரும் புதியவர்கள் முதல் நாளே இவற்றில் இரண்டை போனில் ஏற்றிவிடுகிறார்கள். புதிதாக வந்தபோது நாங்கள் செய்த அதே தவறுகளையும் தொடங்கிவிடுகிறார்கள். மங்கலான படம், தேதி மாறிய பதிவு போன்றவை போகப்போகத் தாமாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்க்காமலே 'ஏற்கிறேன்' அழுத்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நன்மங்கலம் காப்புக்காட்டில் ஒரு தம்பி வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுத்தார். கறுப்புச் சிறகு, பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள். ஐநேச்சுரலிஸ்ட் முதலில் காட்டிய பெயர் ரோஜா அழகி. அதையே போட்டுப் பதிவேற்றினார். பக்கத்தில் நின்ற நண்பர் தன் போனில் உடனே, அந்தப் பெயர் சரி என்று ஒப்புக்கொள்ளும் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் உடல் கறுப்பாக இருந்தது தெரிந்திருக்கும். ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு. அவர்கள் பார்த்தது கறிவேப்பிலை அழகியின் பெண்.

ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. பட்டு அறிந்த பறவைகள் அந்தப் பூச்சியைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகிப் பெண்களில் ஒரு வகை அதே வேடம் போட்டுத் தப்பிக்கிறது. பறவையையே ஏமாற்றும் வேடம் ஆப்பை ஏமாற்றாதா?

ஐநேச்சுரலிஸ்ட்டில் படம், தேதி, இடம் எல்லாம் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு 'ஆய்வுத் தரம்' பெற்றுவிடும். இரண்டே பேர் போதும். உரிமம் இடம்கொடுத்தால் அங்கிருந்து ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்கும் போய்விடும். எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று ஆராய்பவர்கள் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

திருத்துவது எளிதல்ல. இரண்டு தவறான பெயருக்கு எதிராக நான்கு பேர் சரியாகச் சொன்னாலும் கணக்கு மூன்றில் இரண்டிலேயே நிற்கும், அதைத் தாண்டாது. ஐந்தாவது ஆள் வேண்டும். சென்னைப் பதிவுகளை உட்கார்ந்து சரிபார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நண்பருக்காக அழுத்தும் ஒரு பொத்தான் அவர்களுடைய நேரத்தைத் தின்கிறது.

உறுதியில்லையென்றால் 'வண்ணத்துப்பூச்சி' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியாவில் இரண்டு இனங்களின் படங்களையும் திறந்து வைத்து உடல், சிறகு, புழு தின்னும் செடி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் சொந்தக் கண்ணுக்குக் காரணம் தெரிந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தியதை விலக்கிக்கொள்ளும் வசதி உண்டு. இன்றைக்கே செய்துவிடுங்கள்.

பாம்பை ஆப்பில் பார்ப்பது

கட்டுவிரியனுக்கும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கும் வித்தியாசம் பார்க்க போனோடு நெருங்காதீர்கள். விலகி நின்று வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் 108.

கூட்டின் இடத்தைப் போடுவது

வேண்டவே வேண்டாம். அச்சுறுத்தலில் உள்ள பல இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானே மறைத்துவிடும். உங்கள் தெரு ஆந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பாதீர்கள். நீங்களே மறையுங்கள்.

மெர்லின் காட்டியதெல்லாம் பட்டியலில்

கேட்ட குரலை நீங்களே அடையாளம் காண முடியாவிட்டால் அந்தப் பறவையை ஈபேர்ட் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

காகத்தை விட்டுவிடுவது

பள்ளிக்கரணையில் பூநாரையை எண்ணிவிட்டுக் காகம், மைனா, மாடப்புறாவை விட்டால் ஈபேர்டில் அது முழுப் பட்டியல் ஆகாது. பதிவு முடியும்போது 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் தருகிறீர்களா' என்று அது கேட்கும். அதற்கு 'ஆம்' என்றால், பட்டியலில் இல்லாத பறவை உங்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். நாளை காகம் குறைந்ததா என்று யாராவது பார்க்க நினைத்தால், இந்தப் பட்டியல்களைத்தான் எடுப்பார்கள்.