பம்பருக்குப் புளி போட வேண்டாம்

ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைக்குச் சாரல் வந்துவிடும். குற்றாலத்துக்கு அது சீசன், வாசலில் நிற்கும் காருக்குத் துருக் காலம். பம்பர் ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்ததும் நம்மவர்கள் நேரே அடுக்களைக்குள் போய்விடுகிறார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

என் மாமாவிடம் பழைய அம்பாசடர் ஒன்று இருந்தது. ஓர் ஆடி வெள்ளிக்கு அத்தை குத்துவிளக்கு தேய்க்கப் புளி ஊறவைத்திருந்தார். மிச்சத்தை எடுத்து மாமா பம்பரில் அப்பி, மேலே அடுப்புச் சாம்பலைத் தூவி ஒரு மணி நேரம் தேய்த்தார். "வெளக்கு பளபளன்னு ஆவுதுல்லா, பம்பருக்கு மட்டும் ஆவாதா மருமவனே?" சாயங்காலம் பளபளவென்றுதான் இருந்தது. சாரல் ஓய்வதற்குள் ஒரு புள்ளி இருந்த இடத்தில் பத்துப் புள்ளி. வெயிலில் சாய்ந்து பார்த்தால் வட்டவட்டமாகக் கீறல்.

விளக்கு மேலிருந்து அடிவரை பித்தளை. மேலே படிந்த கறுப்பைப் புளிப்பு கரைத்தால் உள்ளே இருப்பதும் பித்தளைதான். அம்பாசடர் பம்பர் அப்படியில்லை. அடியில் இரும்புத் தகடு, அதன்மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோம். அந்தக் குரோம் பூச்சு பெரும்பாலும் 1 மைக்ரான்கூட இருக்காது. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். பூச்சில் உள்ள நுண்துளைகளில் ஈரம் இறங்கி, அடியிலிருக்கும் இரும்பு துருப்பிடித்து மேலே கசிகிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தால் பூச்சுதான் தேயும்.

சரி, என்னதான் செய்வது? செங்கோட்டை பார்டர் புரோட்டாக் கடையில் சிக்கன் பார்சல் சுற்றித் தரும் அலுமினியத் தாள் இருக்கிறதே, அதில் எண்ணெய் படாத ஒரு துண்டு போதும். தண்ணீரில் நனைத்து, கசக்கி, துருவின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறாது. கறுப்பாக ஒரு விழுது வரும். அதைத் துடைத்து, கழுவி, ஈரம் காய்ந்ததும் மெழுகுப் பாலிஷ் பூசிவிடுங்கள். விழுந்த துளை அடையாது. ஈரம் உள்ளே போவது குறையும், அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மட்டும் தொடாதீர்கள். கீறுவது போதாதென்று, உதிர்ந்த இரும்புத் துகள்கள் அங்கேயே தங்கித் தாமும் துருப்பிடிக்கும்.

இப்போது வரும் கார்களில் வெள்ளியாக மின்னுவதில் பாதிக்குமேல் பிளாஸ்டிக். அதற்கு ஷாம்புவும் மெல்லிய துணியும் போதும்.

அலாய் வீல் வேறு கதை. அது அலுமினியக் கலவை, பெரும்பாலும் மேலே வார்னிஷ் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூச்சு இருக்கும். பித்தளைப் பாலிஷைப் போட்டால் உலோகத்தைத் தொடாமல் லாக்கரைத்தான் மங்கவைக்கும். காஸ்டிக் சோடா கலந்த காரமான சோப்பு, லாக்கர் பெயர்ந்த இடத்தில் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைத்துவிடும். வாட்டர் சர்வீஸில் விடும்போது என்ன அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம் அவசரம். கோட்டைவாசலிலிருந்து புளியரை எஸ் வளைவு வழியாக பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கி வருகிறோம். சக்கரம் கொதித்துக் கிடக்கும். வண்டியை நிறுத்தியதும் கிளீனரை அடித்தால் அந்தச் சூட்டில் நொடியில் காய்ந்து கறையாக ஒட்டிக்கொள்ளும். சூடான பிரேக் டிஸ்க்குக்கும் திடீர்க் குளிர்ச்சி ஆகாது. டீ குடித்து முடித்து, சக்கரத்தைக் கையால் தொடமுடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கழுவலாம்.

மழை பெய்த மறுநாள் காலையில் பிரேக் டிஸ்க் செம்மண் பூசியதுபோல் இருந்தால் பதற வேண்டாம். அது வார்ப்பிரும்பு, துருப்பிடிக்கத்தான் செய்யும். தெருமுனை போவதற்குள் நாலு முறை பிரேக் பிடித்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடே துருவைத் தேய்த்து எடுத்துவிடும். அதில் மெழுகோ எண்ணெயோ தடவினால் மின்னும், பிரேக் பிடிக்காது.