மலைநாட்டில் மரவட்டை: வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஐப்பசி மழை பிடித்ததும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மரவட்டை ஏறத் தொடங்கும். உடனே மண்ணெண்ணெய், உப்பு, பினாயில் என்று கைக்கு அகப்பட்டதை ஊற்றுவது வீண். மரவட்டையால் மூச்சுத் துளைகளை இறுக மூட முடியாது. உடல் ஈரம் சீக்கிரம் வற்றிவிடும். அதனால் மண் ஊறிப்போனால் மேலேறும், காய்ந்தால் ஈரம் தேடி வீட்டுக்குள் நுழையும். சுவரோடு கிடக்கும் சருகு, விறகு, பழைய சாக்கு எல்லாவற்றையும் 2 அடி தள்ளிப் போடுங்கள். அடைத்த கானைத் திறந்துவிட்டு, கதவடி இடைவெளியை மறையுங்கள். உள்ளே வந்ததைத் தும்புத்தடியால் கூட்டி வெளியே போட்டால் போதும்.

பூரான் என்று எண்ணி அடிப்பவர்களும் உண்டு. பூரானுக்கு வளையத்துக்கு ஒரு சோடி கால், தலைக்கடியில் நஞ்சுக் கொடுக்கு. மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடி, கடிக்காது. கடிக்காதுதானே என்று வெறுங்கையால் நசுக்கினால் வேறு வினை. நீண்ட உருளை மரவட்டைகள் பலவும் பக்கத் துளைகளில் பென்சோகுயினோன் என்ற, தோலை எரிக்கும் வேதிப்பொருள் கலந்த நீரைக் கசியவிடும். பட்ட இடம் பழுப்பேறி, கறை நாட்கணக்கில் நிற்கும். சவர்க்காரம் போட்டு உடனே கழுவுங்கள். கறை போக எலுமிச்சை தேய்க்க வேண்டாம், எரிச்சல்தான் கூடும். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான நீரை 15 நிமிடமாவது ஓடவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு கிண்டும்போது ஓட்டைக்குள் மரவட்டை சுருண்டிருந்தால் பழி அதன் தலையில் விழும். அதன் வாய் மக்கிய இலைக்கு ஏற்றது. பெரும்பாலும் வெட்டுப்புழுவோ அழுகலோ திறந்துவிட்ட வழியில்தான் அது நுழைகிறது. ஈரப் பாத்தியில் முளைவிடும் போஞ்சி விதை, இளம் நாற்று ஆகியவற்றைக் கடிப்பது மட்டும் உண்மை. அங்கே பாதியாக வெட்டிய கிழங்கைக் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் அடியில் கூடியிருப்பதை அள்ளிக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் விடுங்கள். அங்கே அது சருகை அரைத்து உரமாக்கும்.

குழி கிண்டும்போது சிறு மண்ணறைக்குள் வெளிறி, மெத்தென்று ஒன்று கிடந்தால் செத்தது என்று எறியாதீர்கள். தோலுரிக்கிறது. கழற்றிய தோலையே தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்கும். தொட்டால் நசுங்கும், அதே மண்ணால் மூடிவிடுங்கள்.

பந்தாகச் சுருளும் உருண்டை மரவட்டையை மரப்பேன் (நண்டு, இறால் வகையைச் சேர்ந்த சிற்றுயிர்) என்று சொல்வதும் பிழை. மரப்பேனுக்கு 7 சோடி கால். வளர்ந்த பெண் உருண்டை மரவட்டைக்கு 21. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே கண்டால் படம் மட்டும் எடுங்கள். முதுகோடு, விரிந்திருக்கும்போது பக்கவாட்டையும் எடுத்தால்தான் இனம் பிரிக்க உதவும்.