சங்கத்தில் வீட்டுக் கடன் எடுக்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

திருகோணமலையில் நிலாவெளி வீதியில் வந்து உள்ளே திரும்பும் ஒழுங்கைகளில் நடந்தால் இப்படி ஒரு வீடாவது கண்ணில் படும். அத்திவாரம் போட்டு, யன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பி, அதோடு நின்றுபோன வீடு. தூணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி கடற்காற்றில் துருவேறிச் செதில் செதிலாக உதிரும், கையால் பிடித்தால் உள்ளங்கை சிவந்துபோகும். பக்கத்திலே தகரக் கொட்டிலில் குடும்பம் இருக்கும், கடனையும் மாதாமாதம் கட்டிக்கொண்டு. கடன் கிடைக்காமல் நின்ற வீடுகளும் உண்டுதான். ஆனால் கடன் கிடைத்தும், அதை எடுத்த விதத்தில் பிழை விட்டதால் நின்ற வீடுகள்தான் எனக்குக் கூடுதல் வேதனை. எங்கள் சங்கத்தில் பல வருடம் கணக்குப் புத்தகம் எழுதியவள் என்பதால் எந்த இடத்தில் சறுக்குகிறது என்று ஓரளவு தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

சங்கம் என்று நான் சொல்வது சணச என்கிற சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களை, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சுழற்சி நிதிகளை. இலங்கையில் இந்தக் கடனுதவுச் சங்கங்கள் 1906இல் தொடங்கியவை, நேற்று முளைத்தவை அல்ல. இவற்றில் பங்குலாபம் கேட்டு வெளியே யாரும் காத்துக்கொண்டிருப்பதில்லை. வருகிற வட்டியில் நடத்துகிற செலவு போக மிச்சம் திரும்பவும் கடனாகவே போகிறது. வங்கி தொடவே யோசிக்கும் சின்னத் தொகையை, காணி உறுதி இல்லாதவருக்கு ஆள் பிணையில், கட்டம் கட்டமாகத் தருகிறார்கள். வீடு மலிவாவது இதனால்தான். வட்டி குறைவு என்பது அதில் ஒரு பங்கு மட்டுமே.

முதல் பிழை, இந்தக் காசை நிவாரணம் என்று நினைப்பது. ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் வடக்கு கிழக்கில் பல வீடுகள் மானியமாகத்தான் வந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா கொடுத்தார்கள், அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. அந்த நினைவோடு சங்கத்துக்கு வருகிறவர், இரண்டு தவணை பிந்தினால் என்ன, யாரோ வெளிநாட்டுக்காரன் தந்த காசுதானே என்று இருந்துவிடுகிறார். சுழற்சி நிதியில் நீங்கள் கட்டாத தவணை அடுத்த வளவுக்காரியின் கூரை. இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் புத்தகத்தில் ஒரு மாதம் வரவேண்டியது வராமல் போனால், கீழே அடுத்த வரியில் பெயர் எழுதியிருக்கிற ஆளுக்குக் கொடுக்கப் பெட்டியில் காசு இருக்காது, அவ்வளவுதான். 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹபிடாட் ஃபோர் ஹியுமானிட்டியும் இந்த அடிப்படையில்தான் நடந்தது: வீடு பெற்றவர் கட்டும் தவணையில் அடுத்த வீடு.

இதற்கு நேர் எதிரான பிழை, வாசலுக்கு வந்து குழு சேர்க்கிற எல்லாரையும் சங்கம் என்று நம்புவது. ஐந்து பெண்கள், ஒரு தலைவி, கிழமைக் கூட்டம், கையெழுத்து, எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இப்படிக் குழு சேர்த்துக் கம்பனிகள் கொடுத்த சின்னக் கடன், அதாவது நுண்கடன், இங்கே எத்தனை பெண்களைக் கட்டமுடியாத கடனில் மாட்டியது என்று எல்லாருக்கும் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், திருகோணமலையும் உட்பட, ஒரு இலட்சம் ரூபா வரையான பெண்களின் நுண்கடனுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது. அப்போது வட்டிக்கு வைத்த உச்சவரம்பே 35 வீதம் என்றால், அதற்கு முன்னர் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆகவே கேளுங்கள்: எங்கே பதிவு? கூட்டுறவுத் திணைக்களத்திலா, கம்பனியாகவா? வருடாந்தப் பொதுக்கூட்டம் நடக்கிறதா, அங்கே கணக்கு வாசிக்கிறார்களா, லாபம் எங்கே போகிறது? உண்மையான சங்கக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

சரி, வட்டி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் படித்த பிள்ளைகளும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஐந்து இலட்சம் கடன், மூன்று வருடம், 12 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாட் ரேட் என்றால், நீங்கள் எவ்வளவு கட்டி முடித்திருந்தாலும் கடைசி மாதம் வரை முழு ஐந்து இலட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். வருடம் 60,000, மூன்று வருடத்துக்கு 1,80,000, மாதத் தவணை ஏறத்தாழ 18,890. அதே 12 வீதத்தைக் குறைந்துகொண்டு போகும் மீதிக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ 16,610, மொத்த வட்டி 98,000க்குள் அடங்கும். எண் ஒன்றுதான், வித்தியாசம் 82,000 ரூபா. அந்த பிளாட் 12 உண்மையில் 21 வீதத்துக்குச் சமம். சில சங்கங்களும் பிளாட் முறையில்தான் போடுகின்றன, லாப நோக்கம் இல்லை என்பதற்காக இதைக் கேட்காமல் விடாதீர்கள். 'எத்தனை வீதம்' என்று கேட்பதைவிட 'கடைசியில் எல்லாமாக எவ்வளவு கட்டுவேன், அதை எழுதித் தாருங்கள்' என்று கேட்பது நல்லது. அப்புறம் விண்ணப்பக் கட்டணம், காப்புறுதி, கட்டாயச் சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் அந்த நின்றுபோன வீடுகளுக்குப் பெரிய காரணம் வட்டி இல்லை, ஆசை. முழு வீட்டுக்கும் அத்திவாரம் போடுவது. மூன்று அறை, முன்னால் போர்டிகோ, மேலே மாடிக்கு விட்ட கம்பி. கடன் முழுவதும் மண்ணுக்குள்ளே போய்விடும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியது, சீமெந்தும் கம்பியும் மாதத்துக்கு மாதம் ஏறின. பாதியில் நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா, புருஷன் இல்லை, உப்புவெளிப் பக்கம் அப்பம் சுட்டு விற்கிறவர், பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே ஒரு அறையும் மலசலகூடமும் மட்டும் கட்டி, தகரக் கூரை போட்டு உள்ளே போய்விட்டார். பூச்சு இல்லை, நிலத்துக்குச் சீமெந்து இல்லை, யன்னலுக்குப் பழைய சேலை. முதல் கடனை முடித்து இரண்டாம் கடனில் குசினி, மூன்றாவதில் விறாந்தை. ஒவ்வொரு அறையின் சுவரும் வேறு வேறு நிறச் சாம்பலாக இருக்கும், அவர் அதை விரலால் தொட்டுத்தான் வருடம் சொல்வார். பங்களாதேஷில் கிராமீன் வங்கி 1984இல் தொடங்கிய வீட்டுக் கடனும் இந்த வகைதான்: நாலு கொங்கிறீற் தூண், கூரைத் தகரம், மலசலகூடத் தட்டு, மற்றதெல்லாம் மெதுமெதுவாக. காணி பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள், அது நம்முடைய ஊருக்கும் நல்ல பாடம்.

காணி என்றதும் சொல்லவேண்டியது. அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியை உறுதிக் காணிபோல நினைத்து ஈடு வைக்கப் போகாதீர்கள், பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். கடலில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் முதலில் கேளுங்கள். கடன் எடுத்து அத்திவாரம் வெட்டிய பிறகு கேட்டால் காசும் போய்விடும், காலமும் போய்விடும்.

பிணைக் கையெழுத்தைப் பற்றி ஒன்று மட்டும். மச்சாளுக்காக, அயலுக்காக என்று வாசிக்காமல் போடுகிறோம். அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்டவேண்டும், உங்கள் சொந்தக் கடன் விண்ணப்பமும் அதோடு தடைப்படும்.

கடைசியாகக் காலம். கடற்தொழிலுக்குப் போகிற வீட்டில் கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு கடல் பொங்கும், வருமானம் படுத்துவிடும். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவருக்குக் கையில் காசு வருவது பெரும்போக அறுவடைக்குப் பிறகு. மாதம் ஒரே தொகை என்று தலையாட்டிவிட்டு வந்து, மார்கழியில் நகையை அடைவு வைத்துத் தவணை கட்டினவர்களை எனக்குத் தெரியும். அறுவடைக்குப் பெரிய தவணை, மாரியில் சின்னத் தவணை என்று கேட்டால் பல சங்கங்கள் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் நிர்வாகத்தில் இருப்பவர்களும் அதே கடலையும் வயலையும் பார்த்து வாழ்கிறவர்கள்தான். கேட்கவேண்டியது கையெழுத்துப் போட முன்னம். வேலையையும் சித்திரை, வைகாசியில் தொடங்குங்கள், ஐப்பசி மழை இறங்க முன்னம் கூரை ஏறிவிடும்.