சொந்த மெட்டின் நொட்டேஷனை இணையத்தில் பகிரும்போது எந்த உரிமத்தை இடுவது?

இராமநாதபுரம் கடற்கரையில் புதிய மெட்டுகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு விழாவை ஒட்டியே பிறக்கின்றன. தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ஆலயத் திருவிழாவுக்குப் பாடற்குழு அமைக்கும் நான்கு குரல் பாடல், ஏர்வாடிச் சந்தனக்கூட்டை முன்னிட்டு எழுதப்படும் பாடல், பள்ளி ஆண்டு விழாவுக்கான வரவேற்புப் பாடல் என எதுவானாலும், நொட்டேஷனாகத் தாளில் ஏறிய மறுநாளே கைப்பேசியில் படம்பிடிக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விடுகிறது. இயற்றியவர் பெயருள்ள வரி பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிடும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதப்பட்ட கணத்திலேயே அந்த இசைக்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே தாளில் உரிமம் எதையும் குறிப்பிடாமல் விட்டால், தொண்டியில் உள்ள ஒரு குழு அதை முறையாக நகலெடுத்துக்கொள்ளவும் இயற்றியவரைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்க வேண்டியிருக்கும். திறந்த உரிமம் என்பது அந்த அனுமதியை நிபந்தனைகளோடு எல்லோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவைப்பதாகும்.

எந்த உரிமம் என்று யோசிக்கும் முன், தாளில் உள்ளவற்றில் எவை உண்மையில் நமக்குச் சொந்தம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. நம் சட்டத்தில் இசைப் படைப்பு என்பது இசையையும் அதன் குறியீட்டையும் மட்டுமே குறிக்கும். பாடலின் சொற்கள் தனியே ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படும். சொற்கள் வேறொருவருடையவை என்றால், அவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறாமல் பாடல் முழுவதற்கும் நாம் உரிமம் கொடுக்க இயலாது. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு நீடிக்கிறது. 1964இல் மறைந்த ஒருவரின் பாடல் 2024 டிசம்பர் 31 வரை பாதுகாப்பில் இருந்தது என்று கணக்கிடலாம். இராமநாதபுரத்தில் சமாதி கொண்ட தாயுமானவரின் பாடல்களுக்கும், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து 1838இல் மறைந்த மஸ்தான் சாகிபுவின் பாடல்களுக்கும் இந்தத் தடை ஏதும் இல்லை. அவற்றுக்கு நாம் அமைக்கும் புதிய மெட்டு நம்முடையது, சொற்கள் எல்லோருக்கும் பொதுவானவை. இதைத் தாளிலேயே ‘சொல்: குணங்குடி மஸ்தான் சாகிபு, பதிப்புரிமை முடிந்தது, இசை: இன்னார், உரிமம் இசைக்கு மட்டும்’ என்று பிரித்து எழுதுவது நல்லது.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளைக் கேட்டு எழுதுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேட்டதைக் கேட்டபடி சுரப்படுத்துவது இயற்றுவதாகாது. அதற்குப் பின்னணி இசையோ கூடுதல் குரல்களோ நாம் அமைத்திருந்தால் அந்த அமைப்பு மட்டுமே நம்முடையது. எந்த ஊரில், யார் பாடக் கேட்டோம் என்பதைப் பாடியவரின் சம்மதத்தோடு குறிப்பிட்டு, மூல மெட்டின் மீது உரிமை கோரவில்லை என்றும் எழுதிவிட வேண்டும். பழைய கீர்த்தனை ஒன்றை அப்படியே கணினியில் தட்டச்சு செய்துவிட்டு அதற்குக் கீழே உரிமம் இடுவதும் பொருளற்ற செயல். உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவேனும் படைப்புத்திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பணி ஒப்பந்தத்தின் கீழ், பணியின் ஒரு பகுதியாக இசையமைத்தவர், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முதல் உரிமையாளர் நிறுவனமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இசை உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற உரிமைச் சங்கங்களில் உறுப்பினராக உள்ளவர், சில உரிமைகளைச் சங்கத்துக்கு ஏற்கெனவே ஒப்படைத்திருப்பார் என்பதால், உறுப்பினர் ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும்.

இனி உரிமங்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஆயத்த உரிம வாசகங்களை வெளியிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சி.சி.) அமைப்பின் உரிமங்களே இசைத்தாள்களுக்கு வழக்கில் உள்ளவை. 2013இல் வெளியான 4.0 பதிப்பையே பயன்படுத்த வேண்டும். பெயர் குறிப்பிடுவதை மட்டும் கேட்பது பி.ஒய். உரிமம். அதனுடன் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க இடமுண்டு: மாற்றியமைத்தவர் தம் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது எஸ்.ஏ., வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது என்.சி., மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது என்பது என்.டி. எஸ்.ஏ.வும் என்.டி.யும் ஒன்றாக நிற்க முடியாததால் மொத்தம் ஆறு உரிமங்கள் கிடைக்கின்றன.

நொட்டேஷனுக்கு என்.டி. பொருந்தாது என்பதே என் கருத்து. நான்கு குரலுக்கு எழுதியதை இரண்டு குரலாகக் குறைப்பதும், கீபோர்டுக்கு எழுதியதை நாகஸ்வரத்துக்கு ஏற்பச் சங்கதிகள் சேர்த்து எழுதுவதும் ஒவ்வொரு ஊரிலும் நடக்கும் வேலை. அப்படி மாற்றியதை அடுத்த ஊருக்கு அனுப்பக் கூடாது என்றால் திறந்து வைத்ததன் பயன் பாதி போய்விடும். இன்னொன்றும் உண்டு. இசையை அசையும் படத்தோடு பொருத்தினால் அது எப்போதும் தழுவல் ஆக்கமே என்று இந்த உரிமங்களின் வாசகமே கூறுகிறது. எனவே என்.டி. இட்ட பாடலைத் திருவிழாக் காணொளியின் பின்னணியில் சேர்த்து யூடியூபில் ஏற்ற முடியாது, எஸ்.ஏ. இட்டிருந்தால் அந்தக் காணொளியும் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும்.

என்.சி.யைப் பலர் முதலில் விரும்புவதற்குக் காரணம், யாரோ நம் பாடலை வைத்துப் பணம் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சம். நம் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்தால் அந்தத் தடை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பது விளங்கும். உண்மையான சமயச் சடங்கில் இசைப்பது மீறலாகாது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். தொழில்முறை சாராத குழு, கட்டணம் வாங்காமல் கேட்போர் முன் பாடுவதற்கும், சமய நிறுவனத்தின் நலனுக்காகப் பாடுவதற்கும் விலக்கு உண்டு. சட்டமே அனுமதித்த இடத்தில் உரிமத்தின் நிபந்தனைக்கு வேலை இல்லை. ஆகவே கல்யாண வீட்டில் ஊதியம் பெற்று வாசிக்கும் நாகஸ்வரக்காரரை என்.சி. தடுக்காது, டிக்கெட் வைத்து நடக்கும் மேடைக் கச்சேரியையும், விலைக்கு விற்கும் பாட்டுப் புத்தகத்தையும்தான் தடுக்கும். பாட்டுப் புத்தகத்தை அச்சுக்கூலி அளவுக்கு விற்கும் சிறிய ஆலயக் குழுவும் தயங்கி நிற்க நேரும். புத்தக விற்பனையே தம் வருமானமாக உள்ள இசை ஆசிரியர் என்.சி. இடுவதில் தவறு காண மாட்டேன். மற்றவர்களுக்கு பி.ஒய்.-எஸ்.ஏ. போதும்: பணம் ஈட்டுவோரும் தம் மாற்றங்களை ஊருக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: பி.ஒய்.-எஸ்.ஏ. பாடலையும் பி.ஒய்.-என்.சி.-எஸ்.ஏ. பாடலையும் இணைத்துக் கதம்பமாக அமைத்து வெளியிட முடியாது. ஒரே குழுவினர் தம் பாடல்கள் அனைத்துக்கும் ஒரே உரிமத்தை இடுவது இதனால்தான் முக்கியமாகிறது.

எந்த நிபந்தனையும் வேண்டாம் என்போருக்கு, உரிமைகளை முழுவதும் விட்டுக்கொடுக்கும் சி.சி. ஜீரோ உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்ற இசைப் படைப்புக்கு 2012இல் உருவாக்கப்பட்ட திறந்த பதிப்பு அவ்வாறே வெளியிடப்பட்டது.

உரிமத்தைத் தேர்ந்தபின் அதைத் தாளில் எழுதும் முறையில் அலட்சியம் கூடாது. பாடலின் பெயர், இயற்றியவர் பெயர், ஆண்டு, உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும், உரிமத்தின் இணைய முகவரி ஆகியவை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்க வேண்டும். நொட்டேஷன் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் பதிப்புரிமை வரி இயல்பாக முதல் பக்கத்தில் மட்டுமே தோன்றும். அடிக்குறிப்பு அமைப்பில் அதை எல்லாப் பக்கங்களுக்கும் மாற்றிவிடலாம். ஓரம் வெட்டுப்பட்டாலும் தப்பிக்க, இயற்றியவர் பெயரைத் தலைப்பை ஒட்டியும் எழுதலாம். பி.டி.எஃப். கோப்புடன் பிற நொட்டேஷன் மென்பொருள்களிலும் திறந்து திருத்தக்கூடிய மியூசிக் எக்ஸ்.எம்.எல். கோப்பையும் சேர்த்துத் தர வேண்டும், எஸ்.ஏ. உரிமம் மூலக் கோப்பைத் தருமாறு யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, அது நாமாகச் செய்ய வேண்டிய உதவி.

ஏற்றும் தளத்தின் விதியும் தேர்வைப் பாதிக்கும். விக்கிப்பீடியாவுக்கான கோப்புகளைச் சேமிக்கும் விக்கிமீடியா காமன்ஸ் என்.சி., என்.டி. உரிமங்களை ஏற்பதில்லை; இசைத்தாள்களின் இணைய நூலகமான ஐ.எம்.எஸ்.எல்.பி. என்.சி. உரிமத்தை ஏற்கிறது.

ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. தளத்திலிருந்து கோப்பை நீக்கினாலும், ஏற்கெனவே பெற்றவர்களின் உரிமை நீடிக்கும். ஆனால் திறந்த உரிமம் கொடுத்த அதே பாடலுக்கு வேறு நிபந்தனையில் தனி அனுமதி கொடுப்பதற்குத் தடையில்லை. எஸ்.ஏ. நிபந்தனை ஒத்துவராது என்று ஒரு பதிப்பகமோ திரைப்படக் குழுவோ அணுகினால், தொகை பேசி, எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுதிக் கையொப்பமிட்டு அனுமதிக்கலாம். அந்தத் தாளில் ‘இவ்வனுமதி பெறுபவருக்கு மட்டுமே உரியது அன்று, இப்பாடல் பி.ஒய்.-எஸ்.ஏ. 4.0 உரிமத்திலும் தொடர்ந்து கிடைக்கும்’ என்ற வரியைச் சேர்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.