கரும்புக் காட்டில் நிற்கும் பழைய கல்கட்டடத்தைப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மொரீஷியஸில் எந்தச் சாலையில் போனாலும் கரும்புக்கு நடுவே ஒரு கல் புகைபோக்கி தனியாக நிற்பதைப் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சின்னத் தீவில் 200-க்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் ஓடின. பிறகு சிறிய ஆலைகள் மூடப்பட்டு, அவற்றின் கரும்பு பெரிய ஆலைகளுக்குப் போனது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கல் மட்டும் நின்றுவிட்டது. புகைபோக்கி, மாட்டுக் கொட்டில், குதிரை லாயம், சுண்ணாம்புக் காளவாய், தொழிலாளர் குடியிருப்பு என்று பழைய தாப்லிஸ்மான்களில், அதாவது சர்க்கரைத் தோட்ட வளாகங்களில், ஏதாவது ஒன்று மிச்சமிருக்கும். அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால், கட்டடக்கலை படிக்காதவர்கூட ஒரே காலைப்பொழுதில் நிறையப் புரிந்துகொள்ளலாம்.

போகும் முன்

அளவுநாடா, நோட்டு, பென்சில், ஒரு சின்ன ஆணி, ஒரு முழம் நூலில் கட்டிய சிறு கல். இவ்வளவு போதும். கனமான காலணி போட்டுக்கொள்ளுங்கள். சுவரிடுக்கில் மஞ்சள் குளவிக் கூடு இருக்கலாம், கையை விடும் முன் கண்ணை விடுங்கள். நிலம் பெரும்பாலும் தனியாருடையது, கேட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். நல்ல காலம் ஜூனிலிருந்து டிசம்பர் வரை, அதாவது கரும்பு வெட்டும் பருவம். மற்ற மாதங்களில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கட்டடத்தை மறைத்துவிடும்.

படி 1: தள்ளி நில்லுங்கள்

உடனே கிட்டே போகாதீர்கள். ஐம்பதடி தள்ளி நின்று, அருகில் ஓடை இருக்கிறதா, கடல் எவ்வளவு தூரம், பழைய வண்டிப்பாதை எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். ஓடையோரம் ஆலை இருந்தால் சக்கரத்தைத் தண்ணீர் சுற்றியிருக்கலாம். நீராவி இயந்திரம் இங்கே வந்தது 1820-களில்தான். அதற்கு முன் மாடோ, தண்ணீரோ, காற்றோதான் ஆலையைச் சுற்றியது. கடலோரத்தில் உருண்டையாக, அடியில் வளைவு வாசலோடு ஒரு கல் கோபுரம் இருந்தால் அது காளவாய். மேலிருந்து விறகையும் பவளக்கல்லையும் அடுக்கடுக்காகப் போட்டு எரித்து, கீழ்வாசல் வழியாகச் சுண்ணாம்பை வாரி எடுப்பார்கள்.

படி 2: மூலையைப் பிடியுங்கள்

சுவரின் நடுப்பகுதியில் கற்கள் கண்டபடி இருக்கும். வயலைத் திருத்தும்போது பொறுக்கிய எரிமலைக் கற்கள் அவை. மூலையில் மட்டும் உளியால் செதுக்கிய பெரிய கற்கள் ஒன்று நீளவாக்கிலும் அடுத்தது குறுக்கிலுமாக மாறிமாறி அமர்ந்திருக்கும். இரண்டு சுவர்களையும் பூட்டிப் பிடிப்பது இந்த மூலைக்கற்கள்தான். கையால் தடவிப் பாருங்கள், உளி கொத்திய தடம் விரலுக்கு இன்னும் தட்டுப்படும். ஒரு மூலையில் இந்தக் கோர்ப்பு இல்லாமல் இரண்டு சுவர்கள் வெறுமனே ஒட்டி நின்றால், ஒன்று பிறகு சேர்த்துக் கட்டியது. கட்டடத்தின் வயதுக் கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

படி 3: கல்லுக்கு நடுவே பாருங்கள்

எல்லோரும் கல்லைப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்துதான் முக்கியம். தரையில் உதிர்ந்து கிடக்கும் சாந்துத் துண்டு ஒன்றை எடுங்கள். சுவரிலிருந்து பெயர்க்கவே கூடாது. ஆணியால் கீறினால் வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாம்பல் நிறத்தில் கெட்டியாகக் கீறல் விழுந்தால் சிமென்ட். வெயிலில் பிடித்து உற்றுப் பாருங்கள். அரிசி அளவு வெள்ளைத் துணுக்குகள் தெரியும். சிலவற்றில் சிறுசிறு நட்சத்திரக் குழிகள் வரிசையாக இருக்கும். காளவாயில் சரியாக வேகாமல் தப்பிய பவளம் அது. முதன்முதலில் அதைக் கண்ட அன்று நான் அந்தத் துண்டைக் கீழே வைக்கவே இல்லை. கடல், காளவாய், கொத்தனார் கை மூன்றும் அந்தச் சுண்டுவிரல் நகத்தளவில் இருந்தன.

இது ஏன் முக்கியம் என்றால், இங்குள்ள கருங்கல் அடர்த்தியானது, தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. சுவருக்குள் போன மழைநீர் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் மெல்ல வெளியேற முடியும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். இந்தச் சுவர்கள் அரை மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டவை, இரண்டு முகச்சுவர்களுக்கு நடுவில் சில்லும் சாந்தும் கொட்டி நிரப்பியவை. அந்த நிரப்பு கரைந்தால் முகம் வயிறு தள்ளிப் புடைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கோவிலின் பழைய மதிலை நல்லெண்ணத்தோடுதான் சிமென்ட் பூசினார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் பூச்சு பாளம்பாளமாகக் கழன்றது, உள்ளே இருந்த சாந்து ஈர மண்ணாகக் கொட்டியது. மிகவும் வருத்தமாக இருந்தது. பழைய சுவரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சிமென்டைத் தொடாதீர்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்து இணைப்புகளை மட்டும் அடைத்தால் போதும்.

படி 4: வாசலும் சன்னலும்

வளைவு என்றால் ஆப்பு வடிவக் கற்களை எண்ணுங்கள், உச்சியில் நடுக்கல் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நேர்வாசல் என்றால் மேலே மர உத்தரம் இருந்திருக்கும். கறையான் தின்ற குழி மட்டும் மிஞ்சியிருக்கலாம். குறுகிய காற்றுத் துளைகள் வரிசையாக இருந்தால் கால்நடை கட்டிய இடமாக இருக்கலாம். கத்ர் போர்ன் பக்கம் திரியானோனில் உள்ள பழைய தொழிலாளர் குடியிருப்பைப் பாருங்கள். கல் வளைவுக் கூரையின் கீழ் மனிதர்கள் குடும்பம் நடத்திய அறைகள் அவை.

படி 5: சாய்வும் வேரும்

நூலில் கட்டிய கல்லைச் சுவரோரம் தொங்கவிடுங்கள். இதுதான் கொத்தனாரின் தூக்குக்குண்டு. புகைபோக்கி மேலே குறுகுவது இயல்பு. ஆனால் நான்கு பக்கமும் ஒரே அளவில் குறுக வேண்டும். விரிசலில் ஆல் இனச் செடி முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் வெளியே வரும்போது கல்லையும் இழுத்துக்கொண்டு வரும்.

படி 6: யார் கட்டினார்கள் என்று எழுதுங்கள்

லா பூர்தொனே இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தபோது (1735-1746) புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை இங்கே கொண்டுவந்தார். அடிமைகளுக்குப் பதிலாகப் பிறகு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளுக்கு நூறு வருடம் முன்பே நம் கொத்தனார்கள் வந்துவிட்டார்கள். அப்புறம், 1835-இல் அடிமை முறை ஒழியும்வரை மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள்தான் கல் சுமந்தார்கள். ஒரு கட்டடம் 1835-க்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிந்தால், அதைச் சுமந்த தோள் யாருடையது என்பது ஓரளவு தெரியும். தேதி தெரிந்தால் நோட்டில் எழுதுங்கள். தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

படி 7: வரையுங்கள்

படம் எடுங்கள், ஆனால் கையாலும் வரையுங்கள். கோடு போடும்போதுதான் கண் உண்மையில் பார்க்கும். ஒரு சுவர், அதன் நீளம், தடிமன், வாசல்கள், விரிசல்கள், நீங்கள் நின்ற இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். அந்த இடத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். அடுத்த புயல் போன பிறகு அங்கேயே நின்று இன்னொரு படம் எடுக்கலாம்.

முதல் பயிற்சிக்கு வடகிழக்கில் உள்ள ப்ரா தோ தேசியப் பூங்காவைச் சொல்வேன். பழைய சர்க்கரைத் தோட்டத்தின் இடிபாடுகள் காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. காலை ஏழு மணிக்குப் போங்கள். சாய்ந்த வெயிலில் உளித்தடங்கள் தனித்தனியாக எழும்பித் தெரியும்.